வெறுங்குழி

நூறாவது இலைக்குக் கேக் வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊசி ஆய்வகத்துக் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு, எந்த அறிவுக்கொழுந்து புட்டிகளை மூடாமல் வைத்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். தலையை வெளியே எடுக்காமலேயே, "கேக்கு எதுக்குடா? ஒரு கட்டுத் தழையை வாங்கிப் போட்டா ஆடு பேசாம மென்னுகிட்டு நிக்கும்" என்றாள். செய்தி கொண்டுவந்தவன் பதறிப்போய் வாசல் பக்கம் பார்த்தான்.

ஆடு என்றால் பேராசிரியர். அந்த நுண்ணுயிரியல் துறையின் தலைவர். அவர் வாய் வைக்காத இலை கிடையாது என்பதால் வந்த பெயர். அவர் நடைவழியில் வரும்போது கடைசி அறையிலிருந்து யாராவது மெல்ல 'மே' என்பார்கள். ஒருமுறை அவர் நின்று, வளாகத்துக்குள் ஆடு எப்படி வந்தது என்று காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்ததும் உண்டு. ஊசி என்பது அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். கிருமியைத் தொட்டெடுத்துத் தடவும் ஊசியைத் தன்னைப்போல் லாவகமாகப் பிடிக்க அங்கே ஆளில்லை, அதனால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அது அவள் நாக்கைப் பார்த்து வைத்த பெயர்.

செய்தி கொண்டுவந்தவன் அவளோடு ஆராய்ச்சி செய்யும் இளையவன். பேராசிரியர் எது சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் "ஆமா சார்" என்பான் என்பதால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். அதையும் வைத்தது ஊசிதான். அவளிடம் பேர் வாங்காமல் தப்பித்தவர் அந்தக் கட்டிடத்தில் ஒருவரும் இல்லை.

பேராசிரியர் நூறு இலைகளை ஆராய்ந்துவிட்டார் என்பது கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். செய்முறையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒரு இலையைப் பறிக்க வேண்டியது. வேறு எவனும் இதற்குமுன் அதைத் தொடவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது. உலர்த்தி, மிக்சியில் அடித்து, மெத்தனால் என்கிற சாராய வகையில் ஊறப்போட்டு வடிகட்டினால் பச்சையாக ஒரு சாறு கிடைக்கும். வட்டத் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதன்மேல் கிருமியைத் தடவி, ஜெல்லியில் சின்னச் சின்னக் குழி போட்டுச் சாற்றைக் குழிக்குள் விட வேண்டும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பால் ஏடு மாதிரி படர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் எதுவும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். ஸ்கேலை வைத்து வட்டத்தை அளந்து, இந்த இலை கிருமியைக் கொல்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடலாம்.

இதில் சின்னதாக ஒரு தொல்லை உண்டு. மெத்தனாலே கிருமியைக் கொல்லும். இலைக்குப் பதிலாகப் பழைய செருப்பை ஊறப்போட்டு விட்டாலும் வட்டம் விழும். அதனால்தான் சூடு சொரணை உள்ள ஆய்வகங்களில் ஒரு குழியில் இலையே இல்லாமல் வெறும் கரைப்பானை மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு அங்கே வெறுங்குழி என்று பேர். வெறுங்குழியிலும் வட்டம் விழுந்தால் இலையின் சாயம் வெளுத்துவிடும். பேராசிரியரின் தட்டுகளில் வெறுங்குழி கிடையாது. "ஒரு தட்டுக்கு ஆறு குழிதாம்மா. ஒண்ணை வெறுமனே விட்டா ஒரு இலை போச்சே" என்று, சம்சாரி வீட்டுச் செலவைச் சொல்வதுபோல் சொல்லுவார். ஆமாஞ்சாமி ஆமா சார் என்பான்.

ஊசிக்கு இதெல்லாம் வந்த புதிதிலேயே தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவள் அந்த ஆளை ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை. அவர் கூட்டங்களில் பேசும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். மூக்குத் துடைக்கத் தெரியாதவனுக்கு மூலிகை ஞானமா என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பாள். அவரிடமே ஏன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள் என்று கேட்டால் பதில் எளிது: வேறு எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவளுடைய வாய் அவளுக்கு முன்னாலேயே போய் எல்லா வாசலிலும் உட்கார்ந்திருந்தது.

ஆனால் தன் வேலை மட்டும் சுத்தம் என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத கர்வம். மற்றவர்களைப்போல் சாராயச் சாற்றை அப்படியே குழிக்குள் ஊற்றுகிற ஈனத்தனத்தை அவள் செய்வதில்லை. சுழலும் குடுவையில் சூடுகாட்டி மெத்தனாலைக் கடைசிச் சொட்டு வரை ஆவியாக்கி விரட்டுவாள். அடியில் கரும்பச்சையாகப் பிசின் மட்டும் நிற்கும். பிசின் தண்ணீரில் கரையாது என்பதால் டிஎம்எஸ்ஓ என்ற இன்னொரு கரைப்பானில் கரைப்பாள். அது கிருமியை ஒன்றும் செய்யாத சாது என்று எல்லாக் கட்டுரைகளிலும் எழுதியிருந்தது. ஆகவே அவளும் வெறுங்குழி வைக்கவில்லை. வெறுங்குழியெல்லாம் களவாணிப் பயல்களைச் சோதிக்கத்தானே, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டாள்.

இப்படி மூன்று இலைகளை வைத்து எழுதிய அவளுடைய ஆய்வேடு, ஐந்து பிரதியாக, கருநீலத் துணி அட்டையும் பொன் எழுத்துமாக, எதிர்வாடையில் உள்ள பைண்டிங் கடையில் தயாராக இருந்தது. அந்தக் கடை அவள் புருஷனுடையது. வளாகத்தில் எழுதப்படும் அத்தனை ஆய்வேடுகளையும் அவன்தான் அச்செடுத்து, தைத்து, அட்டை போட்டுக் கொடுத்தான். பசை காயும் நேரத்தில் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். "இதுவும் அதேதான். இலை பேரு மட்டும் மாறியிருக்கு. ஒரு எடத்துல மாத்த மறந்துட்டான் பாரு, நடுவுல போன வருஷத்து இலை வந்து நிக்குது" என்று வீட்டில் வந்து சொல்லுவான். ஊசி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் இன்னும் கூர்ந்து படிப்பான். மற்ற எல்லாருக்கும் ரெக்சின் அட்டை. தன் பெண்டாட்டியுடையதற்கு மட்டும் துணி அட்டை தேடிப் பிடித்து வாங்கிவந்தான்.

மாமியாரும் பகலில் கடையில்தான் இருப்பாள். பேரம் பேசுகிறவர்களை ஒரு பார்வையில் வாயடைக்க வைப்பதில் மருமகளுக்குச் சளைத்தவள் இல்லை. இருவருக்கும் நடக்கும் சொல் சண்டையைக் கேட்கவே சில மாணவர்கள் ஒரே பக்கத்தை இரண்டு தடவை நகல் எடுப்பதுண்டு. "டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா" என்பாள் மாமியார். "வழி விட்டா போதாது அத்தை, நாற்காலியையும் விடணும்" என்பாள் மருமகள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பேராசிரியர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு ஐந்து பிரதிகளையும் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அதே துறையில் ஓர் ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டவர்கள் மட்டும் அதற்கு விண்ணப்பிக்கலாம். விழா நாளன்று மாலைதான் கடைசிக் கெடு. விழா நாளன்றே கையெழுத்துப் போடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்ய வேண்டுமாம்.

ஊசிக்கு அந்த யோசனை வந்தது, விழாவுக்காக வரவேற்பறையில் கொண்டுவந்து இறக்கிய பூத்தொட்டிகளைப் பார்த்தபோதுதான். அத்தனையும் பிளாஸ்டிக். இலைகளை நன்றாகத்தான் செய்திருந்தார்கள், நரம்பெல்லாம் ஓடியது. இலை மேதைக்குப் பிளாஸ்டிக் இலையில் தோரணம் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாலைந்து இலைகளைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

திட்டம் இதுதான். பிளாஸ்டிக் இலையைக் கத்தரித்து மெத்தனாலில் ஊறப்போட வேண்டும். அதில் பாதியை ஆட்டின் முறைப்படி அப்படியே ஒரு குழியில் விட வேண்டும். மீதிப் பாதியைத் தன் முறைப்படி ஆவியாக்கி, டிஎம்எஸ்ஓவில் கரைத்து, பக்கத்துக் குழியில் விட வேண்டும். ஆட்டின் குழியில் வட்டம் விழும். தன் குழியில் விழாது. கையெழுத்தை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, கேக் வெட்டி முடிந்ததும், நூற்றோராவது இலை என்று அந்தத் தட்டை எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்து முதலில், அவமானம் பிறகு. அந்த வரிசையில் அவள் தெளிவாக இருந்தாள்.

கத்தரித்துக்கொண்டிருக்கும்போது ஆமாஞ்சாமி வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன இலைக்கா இது? பார்த்ததே இல்லையே."

"ரொம்ப அபூர்வம்டா தம்பி. தண்ணியே ஊத்த வேணாம். வருஷம் பூரா வாடாது."

"வறட்சியைத் தாங்குமா?"

"வெய்யில்ல வெச்சா கொஞ்சம் வெளுக்கும். அவ்ளோதான்."

"அக்கா, கட்டுரை எழுதினா என் பேரையும் சேத்துக்குங்கக்கா. அளக்கற வேலையெல்லாம் நான் பண்றேன்."

அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டே இல்லை, நிஜமாகவே கேட்கிறான். இவனும் நாளைக்கு ஒரு துறைக்குத் தலைவனாவான், அப்போதும் ஒரு கூட்டம் இவனுக்கு ஆமாம் போடும் என்று நினைத்துக்கொண்டாள். "உன் பேரை முதல்லயே போட்டுடலாம்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அன்று மாலை தட்டைக் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரில் வைத்துக் கதவை மூடும்போது, கல்யாணத்துக்குப் போகிற உற்சாகம் இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஆட்டின் குழியைச் சுற்றி வட்டம் விழுந்திருந்தது. பக்கத்தில், அவளுடைய குழியைச் சுற்றியும் வட்டம் விழுந்திருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எவனோ தன் தட்டைத் தொட்டுவிட்டான் என்று நினைத்தாள். பிறகு, பிளாஸ்டிக்கில் பூசிய சாயம் கரைந்து வந்திருக்கும், சாயம்தான் கிருமியைக் கொன்றிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்தான். ஆனால் ஊசிக்குப் பிறர் சொல்லும் சமாதானங்களைக் கேட்டுக் கேட்டு மூக்கு பழகியிருந்தது. சொந்தச் சமாதானமும் அதே வாடைதான் அடித்தது. ஸ்கேலை எடுத்து அந்த வட்டத்தை அளந்தாள். பொன் எழுத்துப் போட்ட ஆய்வேட்டில் தன்னுடைய மூன்று இலைகளுக்கும் எழுதிய அளவு அவளுக்கு மனப்பாடம். இதுவும் கிட்டத்தட்ட அதே அளவு.

அன்றைக்கே புதிதாக ஒரு தட்டு ஊற்றினாள். மூன்று குழிகளில் தன் மூன்று இலைகளின் சாறு. ஒன்றில் பிளாஸ்டிக். ஒன்றில் டிஎம்எஸ்ஓவில் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து மெலிதாக்கியது. கடைசிக் குழியில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வெறும் டிஎம்எஸ்ஓவை மட்டும் விட்டாள். ஒரு சொட்டு குழிக்கு வெளியே விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யாத தப்பு அது. தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினாள்.

வீட்டில் சாப்பிடும்போது புருஷன், "என்ன, ஊசி மழுங்கிடுச்சா? சத்தத்தையே காணோம்" என்றான். தலைவலி என்றாள்.

விழா நாள் விடிந்தது. வரவேற்பறையில் பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி நேரே இன்குபேட்டரிடம் போனாள். தட்டை வெளியே எடுத்தாள். மூன்று இலைக்கும் வட்டம். பிளாஸ்டிக்குக்கும் வட்டம். வெறுங்குழிக்கும் வட்டம். அத்தனையும் ஒரே அளவு. மெலிதாக்கிய குழியைச் சுற்றி மட்டும் கிருமி சௌக்கியமாகப் படர்ந்திருந்தது. சாது என்று எல்லாரும் எழுதியது தண்ணீர் கலந்த டிஎம்எஸ்ஓவைப் பற்றி. தண்ணீர் பட்டால் பிசின் திரிந்துவிடுகிறது என்று அவள் கலக்காமல் விட்டாள். கலக்காத டிஎம்எஸ்ஓ அத்தனை சாது இல்லை. ஒரே ஒரு குழி வைத்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். மூன்று இலைகளும் ஒரு கிருமியின் மயிரைக்கூடப் பிடுங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக எல்லாரையும் பார்த்து என்னவெல்லாம் சொன்னோமோ அவ்வளவும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து காதுக்குள் விழுந்தது. களவாணி. மடையன். ஆடு. அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு சாதாரணமானதில்லை. அவர்கள் சாராயத்தை ஊற்றிக் கூத்தடித்தார்கள். அவள் அதையே வேறு புட்டியிலிருந்து ஊற்றிவிட்டு, மேலே நின்று காறித் துப்பியிருக்கிறாள்.

தட்டை மூடி, படிவத்தோடு எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டிருப்பாள். அவர் கண்ணாடி முன் நின்று நன்றியுரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. படிவம்தானே? கொண்டா, போட்டுடுவோம்."

"அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க சார்."

தட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். குழிகளுக்கு அடியில் அவள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். பிளாஸ்டிக் என்ற இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்தார். போலிச் சிரிப்பில்லை, வயிறு குலுங்கியது.

"வரவேற்பறைத் தொட்டியா? நல்ல குசும்பு உனக்கு. எனக்குக் குடுக்கலாம்னு வெச்சிருந்தியா?"

அவர் விரல் கடைசிக் குழிக்கு நகர்ந்தது.

"வெறுங்குழியிலயும் விழுந்திருக்கு. விழும். விழாம எங்க போகும்?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"என்ன கேள்வி இது? மொத இலையிலயே தெரியும். தெரியாமலா இவ்வளவு காலம் குப்பை கொட்டறேன்?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதனால யாருக்கும்மா நஷ்டம்? நாம என்ன மருந்தா செஞ்சு விக்கறோம்? இந்தக் கட்டுரைங்களை எவனும் படிக்கறதில்ல. அதைப் பாத்து அடுத்தவன் இன்னொண்ணு எழுதறான். புள்ளைங்களுக்குப் பட்டம் கெடைக்குது, பொழைச்சுப் போகுதுங்க. அந்த ஆமாஞ்சாமி இருக்கானே, அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. மத்ததுங்களும் அப்படித்தான். மந்தை."

அவருக்கு ஆமாஞ்சாமியின் பெயரும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஆடும் தெரிந்திருக்கும். காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்தது நினைவுக்கு வந்து, யார் யாரை வைத்து விளையாடியது என்று அவளுக்குக் குழம்பிவிட்டது.

"ஆனா உன்னை நெனைச்சா எனக்குப் பெருமைம்மா" என்றார் அவர். இதைச் சொல்லும்போது குரலே மாறி, நிஜமான மதிப்போடு வந்தது. "இத்தனை பேர்ல வெவரம் தெரிஞ்சு செஞ்சவ நீ ஒருத்திதான். மெத்தனாலை வெரட்டிட்டேன்னு காட்டிட்டு, கேக்கறவன் வாயை அடைக்கற மாதிரி கரைப்பானை மாத்தின பாரு. அதைக் கெட்டியாவே விட்ட பாரு. எல்லாத்துக்கும் மேல, அவ்வளவு செஞ்சவ வெறுங்குழி மட்டும் வைக்கவே இல்ல பாரு. அங்கதான் நான் அசந்துட்டேன். இவ நம்மளையே தூக்கிச் சாப்பிட்டுடுவான்னு அன்னைக்கே நெனைச்சேன். அந்த வேலைக்கு உன் பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாது சார்."

"எது?"

"வட்டம் விழும்னு எனக்குத் தெரியாது. இலையாலதான் விழுதுன்னு நெனைச்சேன். நேத்துதான் சார் வெறுங்குழி வெச்சேன்."

"சும்மா சொல்லாதம்மா. என்கிட்ட என்ன?"

அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு உறைத்தது.

"நெசமாவே தெரியாதா?"

"தெரியாது சார்."

"அடச்சே" என்றார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தப் பார்வையை ஊசி எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். ஆமாஞ்சாமியை, காவலாளியை, ஏன், இவரையே அவள் தினம் தினம் பார்த்த பார்வை அது. "அப்ப நீயும் அதுங்களை மாதிரிதானா? அந்த வாயைப் பாத்து நான் என்னமோன்னு நெனைச்சுட்டேன்."

படிவத்தைத் தாமே அவள் கையிலிருந்து இழுத்து, கையெழுத்துப் போட்டு, மேசைமேல் தள்ளினார். தட்டைக் குப்பைக் கூடையில் போட்டார். கிருமி இருக்கிற தட்டை அப்படிப் போடக்கூடாது, ஆட்டோகிளேவில் அவித்துத்தான் எறிய வேண்டும். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு, குனிந்து தட்டையும் பொறுக்கினாள். அவர் அதற்குள் கண்ணாடிப் பக்கம் திரும்பி, நன்றியுரையை விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தார்.

தட்டை அவிக்கப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வரவேற்பறையில் கைதட்டல் கேட்டது. கேக்கில் பச்சைக் கிரீமில் பெரிய இலை வரைந்திருந்தார்கள். ஆமாஞ்சாமி அவளுக்காக ஒரு துண்டைக் காகிதத் தட்டில் வைத்து ஓடிவந்து, "அக்கா, உங்களுக்கு நரம்பு இருக்கற துண்டா எடுத்து வெச்சேன்" என்றான். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அவன் திகைத்துப்போய் நின்றுவிட்டான்.

கடையில் ஐந்து பிரதிகளையும் புதுப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான் புருஷன். அவள் கையில் இருந்த படிவத்தை முதலில் பார்த்தான்.

"போட்டுட்டாரா! சாயங்காலம்தான் கெடு. கெளம்பு, நானும் தூக்கிட்டு வரேன்."

"அட்டையை வெட்டிடுங்க."

"எதோட அட்டையை?"

"என்னோடதுதான். அஞ்சையும்."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவள் சொன்னாள். வெறுங்குழி, கரைப்பான், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். மற்றவர்களுடையதைப் போலவே தன்னுடையதிலும் ஒன்றும் இல்லை என்றாள். பேராசிரியர் எப்படிப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் ஒரு பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனே" என்றான். "மத்ததெல்லாம் குப்பை, இது ஒண்ணுதான் சரக்குன்னு."

அந்த வாக்கியம் அவளைக் குத்திய அளவுக்கு அன்றைக்கு வேறு எதுவும் குத்தவில்லை.

"கையெழுத்துதான் வந்துடுச்சே" என்றான் மெல்ல. "குடுத்துட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியாது. வேலை கிடைக்கும். அவளுக்கும் அது தெரியும். இதற்குமேல் அவள் செய்ததை நேர்மை என்று யாராவது பாராட்ட வந்தால் நம்ப வேண்டாம். அது முழுக்க முழுக்க அகம்பாவம். களவாணி என்று பேர் வாங்கியிருந்தால்கூட ஒருவேளை சகித்திருப்பாள். அந்த ஆள் தன்னை மந்தையில் ஒன்றாகப் பார்த்த பார்வையோடு, அவர் போட்ட கையெழுத்தில், அவருடைய துறையிலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்க அவளால் முடியாது. எல்லாரையும் தூக்கியெறிந்து பேசிய திமிர்தான் அவளை இந்தக் குழிக்குள் தள்ளியது. இப்போது அந்தக் கையெழுத்தை வேண்டாம் என்று சொல்வதும் அதே திமிர்தான்.

"வெட்டுங்க. இனிமே வெறுங்குழி வெச்சு மொதல்லேருந்து செய்யறேன். ஒண்ணும் வரலேன்னா ஒண்ணும் வரலேன்னு எழுதறேன்."

"அதுக்கு அந்த ஆளு கையெழுத்துப் போடுவாரா?"

"மாட்டாரு. வேற யாரையாவது போய்க் கெஞ்சணும்."

கெஞ்சுவது என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதில்லை. பைண்டிங் கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினான். "நீயே வெட்டு. என் கையால முடியாது."

இவ்வளவு நேரமும் கல்லாப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் இப்போது வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியல. இத்தனை வருஷமா காலையில போயி ராத்திரி வந்து, நீ கண்டுபிடிச்சது என்ன?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒண்ணும் இல்லேங்கறதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வருஷம்?"

சொல்லிவிட்டு மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருமகளிடமிருந்து சுருக்கென்று ஒரு பதில் வரும், அதற்குத் தானும் ஒன்று சொல்லலாம் என்று தயாராக இருந்தாள். நகல் எடுக்க வந்த இரண்டு மாணவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா அத்தை" என்றாள் ஊசி. முதல் பிரதியைத் திறந்து, துணி அட்டைக்கும் தாளுக்கும் நடுவே கத்தியை நுழைத்து மேலிருந்து கீழாக இழுத்தாள். உறுதியான தையல், புருஷன் இதற்கு மட்டும் இரட்டை நூல் போட்டிருந்தான். இன்னொரு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, மருமகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "என்னடா இவ, பதிலே சொல்ல மாட்டேங்கறா. உடம்புக்கு என்னவோ தெரியலையே" என்று மகனிடம் பயந்துபோய்க் கேட்டாள்.

கத்தியை வைத்துவிட்டு ஊசி அப்போதுதான் அழுதாள்.